அந்த 32 பேர் யார்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆவணக் காப்பகத்தில் தடித்தடியான பதிவேடுகள் இருக்கின்றன. 1860 முதல் 1911 வரை நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 இந்தியர்களின் பெயர்கள் அவற்றில் கப்பல் வாரியாக எழுதப்பட்டிருக்கின்றன. முதல் கப்பலின் பெயர் ட்ரூரோ. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16ஆம் தேதி டர்பனைத் தொட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் போனவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள்தாம்.

பதிவேட்டில் ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம் என்று கட்டங்கள் போகின்றன. அவற்றில் ஜில்லா தென்னாற்காடு, தாலுக்கா திண்டிவனம் என்றும், ஜில்லா தென்னாற்காடு, தாலுக்கா விழுப்புரம் என்றும் வரும் வரிகள் உண்டு. உடம்பில் உள்ள அடையாளத்தையும் குறித்தார்கள். முழங்காலில் தழும்பு, முகத்தில் அம்மை வடு, முதுகில் மச்சம் என்கிற மாதிரி. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்துக் கொண்டுவர வசதியாக இருக்குமே என்று எழுதியது அது. இன்றைக்கு அந்த மனிதரின் கொள்ளுப்பேத்தியின் பேத்திக்கு, அவரைப் பற்றிக் கிடைக்கும் ஒரே உருவப்படம் அந்தத் தழும்புதான். மொரீஷியஸ்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் பாக்கியசாலிகள். அங்கே 1860களிலிருந்து வந்திறங்கியவர்களைப் புகைப்படமும் எடுத்தார்கள். அந்தப் பதிவுகள் இன்று மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன.

தழும்புக்கு இடம் வைத்தவர்கள் தாயின் பெயருக்குக் கட்டம் போடவில்லை.

இதை வெள்ளைக்காரன் செய்த குறை என்று ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நம் வீட்டுப் பத்திரங்களும் அப்படித்தான். நம் இன்ஷியலும் அப்படித்தான். கப்பல் பட்டியலைப் பிடித்து ஊர் தேடி வருகிறவருக்கும், விழுப்புரத்திலேயே இருந்துகொண்டு கொள்ளுத்தாத்தாவைத் தேடுகிறவருக்கும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வண்டி நிற்கிறது. ஒரு ஆள் இருந்தார் என்பதற்கு ஆவணம் கிடைத்துவிடுகிறது. அவர் யாருக்கு யார் என்பதை உறவுக்காரர் ஒருவர்தான் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் டர்பன் பக்கத்திலிருந்து வருவோம். நேட்டால் நிர்வாகத்துக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வேண்டியிருந்தது. சிலர் தகப்பன் பெயரையே கொடுத்தார்கள். முனுசாமியும் சின்னசாமியும் அங்கே பரம்பரைப் பெயர்கள் ஆயின. சிலர் சாதிப் பட்டத்தைக் கொடுத்தார்கள். இன்றைக்கும் டர்பனில் கோவிந்தர், நாயக்கர், படையாச்சி, மூட்லி, பிள்ளை, நாயுடு என்ற பெயர்கள் ஏராளம். கோவிந்தர் என்பது கவுண்டர்தான், மூட்லி என்பது முதலி. இந்தப் பட்டங்களே ஓரளவுக்குத் திசை காட்டும். படையாச்சி என்றால் பழைய தென்னாற்காடு, அதையொட்டிய தஞ்சையின் வடபகுதி என்று கண்ணை மூடிக்கொண்டு தேட ஆரம்பிக்கலாம். கவுண்டர் என்றால் இழுபறி. கோவைப் பக்கமும் இருக்கலாம், விழுப்புரம் பக்கத்து வன்னியராகவும் இருக்கலாம். அதோடு, கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் பெயர் கொடுக்கும்போது சாதியை மாற்றிச் சொன்னவர்களும் இருந்தார்கள். கடல் தாண்டும்போது ஒரு சுமையையாவது இறக்கி வைப்போமே என்று நினைத்திருந்தால் அதில் தப்பென்ன?

அடுத்த முட்டுக்கட்டை வரைபடம். பட்டியலில் உள்ள தென்னாற்காடு ஜில்லா இன்று இல்லை. கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த அந்த மாவட்டத்திலிருந்து 1993 செப்டம்பர் 30ஆம் தேதி விழுப்புரம் பிரிந்தது. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஆகவே பழைய காகிதம் கடலூரில் இருக்கலாம், சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம், புதிய மாவட்டத் தலைநகருக்கு மாறியும் இருக்கலாம். கிராமத்தின் பெயரோ ஆங்கிலக் குமாஸ்தாவின் காதில் விழுந்தபடி எழுதப்பட்டது. நல்லூர், புதுப்பாளையம் என்றெல்லாம் ஒரே பெயரில் ஒன்றுக்கு மேல் ஊர் உள்ள சீமை இது. எந்தப் புதுப்பாளையம்?

அங்கேதான் குலதெய்வம் கைகொடுக்கிறது.

பெண் பார்க்கப் போனால் நம் பக்கத்தில் இரண்டாவது மூன்றாவது கேள்வியாக வந்து விழுவது, "உங்களுக்குக் குலதெய்வம் எது?" இதில் பக்தியைவிடக் கணக்கு அதிகம். ஒரே குலதெய்வத்தைக் கும்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுக்கவோ எடுக்கவோ கூடாது. எழுத்தறிவே இல்லாத வீட்டிலும் நூறு இருநூறு வருஷத்து ஆண்வழி உறவைப் பிசகாமல் காத்துவைத்த ஏற்பாடு இது. பிழைக்க வேறு ஊர் போனவர்கள், மூலக்கோயிலிலிருந்து பிடிமண் எடுத்துப் போய்ப் புது ஊரில் வைத்துக் கும்பிட்டார்கள். எங்கிருந்து பிடிமண் வந்தது என்று கேட்டால் அந்தக் குடும்பம் எந்த ஊரிலிருந்து நகர்ந்தது என்பது தெரிந்துவிடும். மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு மாசி மாதம் எங்கெங்கிருந்தோ வந்து மொட்டை போடும் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள். தாத்தா காலத்திலேயே ஊரைவிட்டுப் போயிருப்பார்கள். நிலம் இருக்காது, வீடு இருக்காது. வருவது மட்டும் நிற்காது.

கப்பலேறிப் போனவர்களும் இதை விடவில்லை. பிரெஞ்சுக்காரர்களின் ரீயூனியன் தீவில் தமிழர் வழிவந்தவர்கள் இன்றும் தீ மிதிக்கிறார்கள். அங்கே அந்தத் தெய்வத்தின் பெயர் பாண்டியாலே. நம்முடைய பாஞ்சாலிதான். திரௌபதி அம்மன் வழிபாட்டை வருஷக்கணக்கில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட நூலில், அந்த வழிபாட்டின் மையமாகச் செஞ்சிச் சீமையைக் காட்டினார். செஞ்சியை ஒட்டிய மேலச்சேரிக் கோயிலைத்தான் மூலக்கோயில் என்று பலர் சொல்கிறார்கள். ரீயூனியனில் தீ மிதிக்கும் குடும்பம் எல்லாம் செஞ்சியிலிருந்து போனது என்று சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பக்கமும் திரௌபதிக்குக் கோயில்கள் உண்டு. இருந்தாலும் ஊர் பெயர், பாஷை எல்லாம் மறந்துபோன ஒரு குடும்பத்தில் காலில் தீச்சூடு மட்டும் தலைமுறை தாண்டி நின்றிருக்கிறது, அதுவே தேட வேண்டிய திசையைக் குறுக்கிக் கொடுக்கிறது என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான். கரீபியன் கடலில் குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் மாரியம்மன் மாலியெமேன் ஆனாள், மதுரைவீரன் மால்தெவிலேன் ஆனான். ஆனாலும் இருக்கிறார்கள்.

பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போகும் அந்த வழிக்குப் புதுச்சேரிதான் வாசல். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி ஏறக்குறைய 40 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்தும் கிட்டத்தட்ட அதே தூரம். குவாதலூப்புக்கு முதல் கப்பலான ஒரேலி 1854 டிசம்பர் கடைசியில் புதுச்சேரி ஆட்களோடு போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் ஆள் எடுக்க பிரான்சுக்கு 1861 உடன்படிக்கை அனுமதி கொடுத்தது. 1879இல் விழுப்புரம்–புதுச்சேரி ரயிலும் வந்துவிட்டது. பிரெஞ்சு கிராமங்களும் ஆங்கிலேய கிராமங்களும் வரப்புக்கு வரப்பு மாறிக் கிடந்த பகுதி இது. அண்ணன் வீடு பிரெஞ்சில், தம்பி வீடு இங்கிலீஷில் என்பது சாதாரணம். பிரெஞ்சுப் பக்கம் பிறப்பு, கல்யாணம், சாவு எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். அதில் பெரும்பகுதி இப்போது பிரான்சில் உள்ள ஆவணக் காப்பகம் வழியாக இணையத்திலேயே பார்க்கக் கிடைக்கிறது. கண்டமங்கலம், வளவனூர், வானூர் பக்கத்துக் குடும்பங்கள் இதைப் புரட்டிப் பார்க்காமல் விடக்கூடாது.

இனி ஊரிலேயே இருந்தவர்களின் கதைக்கு வருவோம். பிறப்புப் பதிவுக்கு சென்னை மாகாணத்தில் 1899லேயே தனிச் சட்டம் வந்தது. ஆனாலும் கிராமத்துப் பெரியவர்களில் பாதிப்பேருக்குப் பள்ளிக்கூட வாத்தியார் போட்ட தேதிதான் பிறந்த தேதி. வயதைக் கேட்டால் சம்பவத்தைச் சொல்வார்கள்: "காந்தி செத்த வருஷம் எனக்கு நடக்கத் தெரியும்." இதைக் குறைவாக எடைபோட வேண்டாம். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறைதான் திரும்ப வரும். "தாது வருஷப் பஞ்சத்துலதான் நம்ம ஆளுங்க இந்த ஊருக்கு வந்தாங்க" என்று ஒரு கிழவி சொன்னால் அது 1876–77. அடுத்த தாது 1936–37. அதில் பஞ்சக் கதை பொருந்தாது. சென்னை மாகாணத்தையே உலுக்கிய பஞ்சம் அது. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஆவணத்துக்குப் போகலாம்.

எந்த ஆவணம்? என்னைக் கேட்டால் முதலில் தாய்ப் பத்திரம். கிரயப் பத்திரம் 1860களிலிருந்து பதிவாகி வருகிறது. "இன்னார் குமாரர் இன்னார்" என்று தொடங்குவதால் எடுத்த எடுப்பிலேயே இரண்டு தலைமுறை கிடைக்கும். பெரும்பாலோர் அதோடு பத்திரத்தை மடித்து வைத்துவிடுவார்கள். நான்குமாலைப் படிக்க வேண்டும். கிழக்கே யார் நிலம், வடக்கே யார் நிலம் என்று நான்கு எல்லையும் எழுதியிருக்கும். பக்கத்து நிலத்துக்காரர்கள் யார்? ஒரு காலத்தில் ஒரே நிலமாக இருந்து பாகம் பிரிந்ததென்றால், அவர்கள் பங்காளிகள். 1910ஆம் ஆண்டுப் பத்திரத்தின் நான்குமாலில் வரும் பெயர்களைத் தனியாக எழுதி, அவரவர் தகப்பன் பெயரையும் தேடிச் சேர்த்தால், பெயரே தெரியாமல் போன பெரிய பாட்டன் ஒருவர் நடுவில் எழுந்து நிற்பார். பாகப்பிரிவினைப் பத்திரமே கிடைத்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அது முழு வம்சாவளி. வில்லங்கச் சான்று இணையத்தில் அண்மைப் பத்தாண்டுகளுக்குத்தான் எளிதாகக் கிடைக்கும். அதற்கு முன்னால் போக வேண்டுமானால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் வாயிலேயே வைத்திருந்தவர் ஒருவர் ஊருக்கு ஊர் இருந்தார்: கர்ணம். பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை 1980 நவம்பர் 14ஆம் தேதி ஒழிந்தது, வி.ஏ.ஓ. வந்தார். அது ஒழிய வேண்டியதுதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் யாருடைய பாட்டன் யாருக்குத் தத்துப்போனான் என்பதுவரை தெரிந்து வைத்திருந்த ஞாபகமும் அதோடு போயிற்று.

பத்திரம் ஆண்வழியைக் காட்டும். பெண்வழிக்கு எங்கே போவது? கல்யாணப் பத்திரிகைக்குப் போகலாம். அதிலும் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு விழாப் பத்திரிகைகள். தாய்மாமன் பெயரும் ஊரும் இல்லாமல் அந்தப் பத்திரிகை அச்சாகாது. தாய்மாமன் யார்? அம்மாவின் பிறந்த வீடு. நம் சமூகத்தில் அம்மாவழி காகிதத்தில் ஏறும் இடம் அனேகமாக இது ஒன்றுதான். இதற்கு அண்ணன் தம்பியாக இன்னொன்று உண்டு, அது மொய் நோட்டு. ஒலக்கூர், மயிலம், கிளியனூர், முண்டியம்பாக்கம் என்று ஊர் பெயர் முன்னால், ஆள் பெயர் பின்னால், தொகை கடைசியில். தொகையை மறந்துவிட்டு ஊரைப் பாருங்கள். 1965ஆம் ஆண்டு மொய் நோட்டில் ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் எழுதியிருந்தால், அங்கே பெண் கொடுத்திருக்கிறார்கள் அல்லது எடுத்திருக்கிறார்கள். பரணில் எலி கடித்துக் கிடக்கும் அந்த நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டு, வரலாறு தெரியவில்லையே என்று வருந்துகிறோம்.

இப்போது உடம்புக்குள் இருக்கும் ஆவணத்தைப் பார்ப்போம். கணக்கு எளிது. பெற்றோர் 2, தாத்தா பாட்டிகள் 4, அவர்களுடைய பெற்றோர் 8, பிறகு 16, பிறகு 32. ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய 27 வருஷம் வைத்தால், 1990களில் பிறந்த ஒருவருக்கு அந்த 32 பேரும் 1850–60களில் பிறந்தவர்கள். ஏறத்தாழ 1880இல் கப்பலேறும் வயதில் இருந்தவர்கள். இன்ஷியலைப் பிடித்துக்கொண்டு மேலே போனால் இந்த 32 பேரில் ஒரே ஒருவரிடம் போய் நிற்போம். குலதெய்வமும் அவர் ஒருவருடையதுதான்.

விந்தை என்னவென்றால், உயிரணுவும் ஒரு இன்ஷியல் வைத்திருக்கிறது. ஒய் குரோமோசோம் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும், பெரிதாக மாறாமல் இறங்கிக்கொண்டே வருகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தமிழ்நாட்டின் 31 குழுக்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய் குரோமோசோம்களை ஒப்பிட்டது இந்த வழியைப் பின்பற்றித்தான். இதற்கு நேர் எதிராக, மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பின் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டும் வருகிறது. உங்கள் அம்மா, அம்மாவைப் பெற்ற ஆயா, ஆயாவின் அம்மா என்று பெண்வழியாகவே மேலேறிப் போகும். எந்தப் பத்திரமும் எழுதாத, எந்தக் கப்பல் பட்டியலும் கட்டம் ஒதுக்காத அந்த ஒரு பெண்ணின் கையெழுத்து, ஆண் பெண் பேதமில்லாமல் நம் எல்லோர் உடம்பிலும் கிடக்கிறது.

அப்படியும் 32இல் இருவர்தான் ஆயிற்று. மீதி 30 பேர்? அவர்களுடைய பங்கு மற்ற 22 ஜோடிக் குரோமோசோம்களில் துண்டு துண்டாகக் கலந்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி போகும், பாதி தங்கும். எது போகும் என்பது குலுக்கல். இதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. பத்துத் தலைமுறை மேலே போனால் கணக்குப்படி 1,024 முன்னோர். ஆனால் அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேரிடமிருந்து உங்களுக்கு ஒரு துண்டுகூட வந்திருக்காது. அவர்கள் இல்லாவிட்டால் நீங்கள் பிறந்திருக்க முடியாது; ஆனாலும் உங்கள் டி.என்.ஏ.வில் அவர்கள் இல்லை.

சரி, இந்த 2, 4, 8 பெருகிக்கொண்டே போனால் எங்கே போய் முடியும்? 30 தலைமுறையில் 107 கோடியைத் தாண்டும். அது ஏறக்குறைய 800 ஆண்டுக்கு முந்தைய காலம். அப்போது உலகத்தின் மொத்த ஜனத்தொகையே அதில் பாதிகூட இல்லை. அப்படியென்றால் ஒரே ஆள் பல இடங்களில் பாட்டனாக நிற்கிறார். நம் ஊரில் அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் பிறந்த குழந்தைக்குக் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி 8 பேர் இல்லை, 6 பேர்தான். அந்தக் கணக்கில் 32 என்பது 24 ஆகிவிடும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நான்கில் ஒருவருக்கு மேல் சொந்தத்தில் கட்டிக்கொண்டவர்கள். மரபியல் மருத்துவர் குடும்பப் படம் வரையும்போது ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டு, சொந்தத்தில் நடந்த கல்யாணத்துக்கு இரட்டைக் கோடு இழுப்பார். நம் பக்கத்துப் படங்களில் இரட்டைக் கோடு நிறைய விழும். நோயைப் பற்றிய எச்சரிக்கைக்காகவாவது இதை வீட்டில் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இதுவே டி.என்.ஏ. வைத்து உறவு தேடுவதையும் இங்கே சிக்கலாக்குகிறது. 2017இல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு தெற்காசியாவின் 260க்கு மேற்பட்ட குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில், ஒரு சிறு கூட்டத்திலிருந்து பெருகிய அடையாளம் பின்லாந்து மக்களிடம் இருப்பதைவிட அழுத்தமாகத் தெரிந்தது. சாதிக்குள்ளேயே கட்டிக்கொண்டு வந்ததன் விளைவு. அதனால் சோதனைக் கம்பெனி "நாலாம் கிளை உறவு" என்று காட்டும் ஆள் உண்மையில் அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டியதில்லை. பத்து பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் ஒட்டிய தூரத்து ஆளாக இருக்கலாம்.

இந்த இடத்தில்தான் குடும்பத்தின் ஒத்துழைப்பு என்பது வெறும் பேச்சாக இல்லாமல் கணக்காகவே வந்து நிற்கிறது. 1880இல் டர்பன் போனவருக்கு ஒரு தம்பி விழுப்புரத்தில் இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். இன்று அங்கே ஒரு முப்பது வயதுக்காரரும் இங்கே ஒரு முப்பது வயதுக்காரரும் எச்சில் கொடுத்தால், அவர்களிடம் பொதுவான துண்டு கண்ணுக்குப் படும் வாய்ப்பு பத்தில் ஒன்று, ஒன்றரை. அதே இரண்டு வீட்டின் 85 வயதுப் பெரியவர்கள் கொடுத்தால்? அவர்கள் இரண்டு தலைமுறை மேலே இருக்கிறார்கள். பத்தில் ஒன்பது தடவை கிடைத்துவிடும். ஆயிரம் ரூபாயோ பத்தாயிரமோ செலவழித்துச் சோதனை செய்துகொள்ளும் பேரனைவிட, திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடிக்கும் பாட்டி இந்த விஷயத்தில் பல மடங்கு உசத்தி. அவர் போய்விட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும்.

அவர் மனசு வைக்க வேண்டும், அது சாதாரணமில்லை. பேரன் போய் ஃபோனை நீட்டி "பாட்டி, பழைய கதை சொல்லு" என்றால் சொல்லமாட்டார். எந்த வீட்டிலும் சொல்லாத கதை ஒன்று இருக்கும். இரண்டாம் தாரம், ஓடிப்போன சித்தி, தத்தெடுத்த பிள்ளை, சாதி மாறிக் கட்டிய மாமன். டி.என்.ஏ. சோதனை இவற்றை யாரையும் கேட்காமல் போட்டு உடைத்துவிடும். ஒருவர் எச்சில் கொடுத்தால் அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா வரை எல்லோருடைய ரகசியமும் ஓரளவு வெளியே போகிறது. ஆகவே வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்வதுதான் மரியாதை. பெரியவர் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். வற்புறுத்தி வாங்கிய வரலாறு எனக்கு உவப்பில்லை.

யார் பெயர் எழுதப்படுகிறது, யார் பெயர் விடுபடுகிறது என்பதற்குத் திண்டிவனத்திலேயே ஒரு எதிரும் புதிருமான காட்சி உண்டு. 1890இல் அமெரிக்கப் பெண்ணான ஐடா ஸ்கடர், உடம்பு சரியில்லாத அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள் அடுத்தடுத்து வந்து, பிரசவத்தில் தவிக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். ஆண் டாக்டரை அனுமதிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை டாக்டராக்கி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வித்திட்டது. ஸ்கடர் குடும்பத்தின் தலைமுறைகள் அத்தனையும் பெயர், தேதி, ஊர் சகிதம் எழுதப்பட்டிருக்கின்றன. 1819இல் கிளம்பிய தாத்தாவிலிருந்து தொடங்கலாம். அந்த மூன்று பெண்களைப் பற்றிச் சொல்லும்போது கணவர்களின் சாதியும் மதமும் வரும். அவர்களுடைய பெயர் வராது. திண்டிவனத்தில் எந்த வீட்டிலோ யாருக்கோ அவர்கள் பாட்டியின் அக்காவாகவோ தங்கையாகவோ இருந்திருப்பார்கள்.

பரம்பரையைத் தேடுவது பொழுதுபோக்கு என்று சொல்கிறவர்கள் திண்டிவனம் பக்கத்து இருளர் குடியிருப்புகளைப் பார்க்க வேண்டும். பிள்ளைக்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டுமென்றால் அப்பாவுடைய சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள். அப்பாவுக்கும் கிடையாது, தாத்தாவுக்கும் கிடையாது. நிலம் இல்லாதவருக்குப் பத்திரம் ஏது, நான்குமால் ஏது? ரத்த உறவில் யாராவது ஒருவருக்குச் சான்றிதழ் கிடைத்திருந்தால் அதைக் காட்டி மற்றவர்கள் வாங்கலாம். அதற்கு இன்னாருக்கு இன்னார் என்ன உறவு என்று வரைந்து நிரூபிக்க வேண்டும். திண்டிவனத்துப் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் வருஷக்கணக்காகப் போராடுவதில் இதுவும் அடங்கும். அங்கே வம்சாவளி தெரிந்திருப்பது பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் போவதற்கான சீட்டு.

படிக்கும் உங்களுக்கு ஒரு வேலை. அடுத்து ஏதாவது காரியத்துக்கோ கல்யாணத்துக்கோ உறவு கூடும்போது, வீட்டில் மூத்த பெண்மணி யாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவருடைய அம்மாவின் பெயர், அந்த அம்மாவின் அம்மா பெயர், இருவரும் பிறந்த ஊர், பிறந்த வீட்டுக் குலதெய்வம். இந்த நாலைந்தையும் கேட்டு, பேனாவால், ஒரு நோட்டில் எழுதுங்கள். யார் சொன்னது, என்றைக்குச் சொன்னது என்பதையும் குறியுங்கள். நோட்டை ஃபோட்டோ எடுத்துக் குறைந்தது மூன்று வீட்டுக்கு அனுப்புங்கள். பரணில் மொய் நோட்டு இருந்தால் கீழே இறக்கி வையுங்கள்.